நாலாவது மூலைக் கயிறு

முடிச்சுப் போட்டுப் பழகிய அண்ணி, தன் கால் கட்டைவிரலை நாற்காலிக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். இப்போது அவிழ்க்கத் தெரியவில்லை.

"நாத்தனாரே, கத்தரிக்கோல் எங்க?"

"இழுப்பறையில. கயிறை வெட்டிடாதீங்க. விலை ஜாஸ்தி. வேணும்னா விரலை வெட்டிக்குங்க."

நாத்தனாரும் அண்ணியும் ஒரே அறையில் அரை மணி நேரம் இருந்தால் பாத்திரம் பறக்கும் என்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் சலவைக்கடை மாடியில், ஒரே அறையில், ஆறு வருஷமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறார்கள். நாத்தனார் முன்பு ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். கழிவறைக்குள் ஒளிந்திருப்பவனைக் கதவுக்கு வெளியே நின்றே கண்டுபிடிப்பாள் என்று பேர். அவளுடைய அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் அண்ணி. அண்ணன் வீட்டில் சமைக்கிறார், பாவம்.

எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பல் ஆஸ்பத்திரி நர்ஸ். சீருடையோடு வந்திருந்தாள். காலடியில் ஒரு கோணிச் சாக்கு.

"நேத்து போன்ல அழுதுகிட்டே சொன்னீங்க. பாதி புரியல" என்றாள் நாத்தனார். "இப்ப அழாம சொல்லுங்க."

நர்ஸ் ஆரம்பித்தாள். "அக்காவும் மாமாவும் பன்னெண்டு நாள் முன்னாடி மலைக்குப் போனாங்க. பாறை விளிம்புல தார்ப்பாய் கட்டி ரெண்டு நாள் தங்கறதா திட்டம். மாமாவுக்கு அதுதான் தொழில். கூடாரம் போடறது, முடிச்சு போடறதெல்லாம் சொல்லிக்கொடுக்கறாரு. மாஸ்டர்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. பாப்பாவை என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. அங்க போன் சிக்னல் விளிம்புல மட்டும்தான் கிடைக்கும். மறுநாள் காலையில ஏழு மணிக்கு அக்கா பாப்பாவுக்குப் போன் பண்ணினா. ஒரு கையில போன், இன்னொரு கையில தார்ப்பாயோட மூலைக் கயிறு. பிடிக்க அங்க வேற ஒண்ணும் கிடையாது. 'இரு செல்லம், சரியா கேக்கல, கொஞ்சம் வெளிய சாஞ்சுக்கறேன்'னா. கயிறு வழுக்கிடுச்சு."

"இந்தப் பக்கம் போன் யார் கையில?"

"பாப்பா கையில."

அண்ணி விரலைப் பிடுங்குவதை நிறுத்தினாள்.

"போலீஸ் விபத்துன்னு முடிச்சுட்டாங்க" என்றாள் நர்ஸ். "நாலு கயிறையும் அவதான் கட்டினா, நான் விரல்கூட வைக்கல, அஞ்சு வருஷமா அவளுக்கு இந்த முடிச்சு வரலன்னு மாமா எழுதிக் கொடுத்துட்டாரு. அவருக்கு வேற ஒருத்தி இருக்கா மேடம். ஊருக்கே தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது. இன்னிக்கு ஒரு மணி ரயில்ல பாப்பாவை ஹாஸ்டலுக்கு அனுப்பறாரு. ஒரு நாள் பூரா போகணும். லீவுக்குக்கூட வர வேணாம்னு சொல்லிட்டாரு. ஒன்பது வயசு. எனக்கு அந்தப் பிள்ளை வேணும்."

சுவர்க் கடிகாரம் எட்டேகால் காட்டியது.

"சாக்குல என்ன?"

"அந்தத் தார்ப்பாய்தான். அக்கா துணிமணியெல்லாம் எடுக்கப் போயிருந்தேன். இதைத் தூக்கி என் மேல போட்டாரு. 'உங்க அக்கா போட்ட கடைசி முடிச்சு, ஞாபகத்துக்கு வெச்சுக்கோ'ன்னு சொல்லிச் சிரிச்சாரு."

"பரவாயில்லையே" என்றாள் அண்ணி. "தடயத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கற ஆளை இப்பதான் பாக்கறேன்."

அண்ணியின் விரலை ஒரு வழியாக அவிழ்த்துவிட்டு, முதலில் போனில் மாஸ்டரின் வீடியோ ஒன்றைப் பார்த்தார்கள். இரண்டு லட்சம் பேர் பார்த்தது. தார்ப்பாய்க் கயிற்றுக்கு ஏற்றி இறக்குகிற முடிச்சுதான் தோது என்று மாஸ்டர் அழகாகத்தான் விளக்கினார். கயிறு முளைக்குச்சியைச் சுற்றித் திரும்பி வந்து தன்னையே பிடித்துக்கொள்ளும். கையால் தள்ளினால் முடிச்சு நகரும், கயிற்றை இழுத்தால் இறுகி நிற்கும். காற்று மாறினாலும் மழையில் கயிறு தளர்ந்தாலும் அவிழ்க்காமலே சரிசெய்துகொள்ளலாம். முளைப் பக்கம், வளையத்துக்குள்ளே இரண்டு சுற்று, வெளியே ஒன்று. அவ்வளவுதான் ரகசியம்.

பிறகு மனைவியைக் கேமராவுக்கு முன்னால் இழுத்து உட்கார வைத்தார். ஒல்லியான பெண். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை ஒட்டிக்கொண்டு கட்டினாள். உள்ளே போட வேண்டிய சுற்றுகளை வெளியே போட்டாள். பார்வைக்கு அதே முடிச்சுதான். மாஸ்டர் ஒரு இழுப்பு இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு முளை வரை ஓடியது. "பாத்தீங்களா, இதுதான் மனைவி முடிச்சு" என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் கூடவே சிரித்தாள். அண்ணிக்கு அந்த ஆளைப் போனுக்குள் கைவிட்டு அறைய வேண்டும் போலிருந்தது.

தார்ப்பாயைத் தரையில் விரித்தார்கள். நாலு மூலை, நாலு ஆரஞ்சு நைலான் கயிறு. மாஸ்டர் முளைகளை மட்டும் உருவி எடுத்திருந்தார், முடிச்சுகள் அப்படியே இருந்தன. விளிம்புப் பக்கத்துக் கயிற்றை நாத்தனார் கையில் எடுத்தாள். சுற்றெல்லாம் வெளியே. வீடியோவில் பார்த்தது அச்சுப் பிசகாமல் அப்படியே இருந்தது.

"ஐயோ" என்றாள் நர்ஸ். "அப்ப அக்காவோட தப்புதானா?"

நாத்தனார் ஜன்னலுக்குப் போனாள். கயிற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முடிச்சு உரசி ஓடிய தடம் பளபளவென்று தெரிந்தது. முழங்கையால் அளந்தாள். "ரெண்டு முழம். வளையத்தை இவ்வளவு நீளமா விட்டுக் கட்டியிருக்கு. சாஞ்ச ஆளு திடீர்னு ரெண்டு முழம் பின்னாடி போனா நிக்க முடியுமா? சரி, மத்த மூணையும் பாருங்க அண்ணி."

அண்ணி குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றாக இழுத்தாள். மூன்றும் கல்லு மாதிரி நின்றன. வளையங்கள் ஒரு சாண் நீளம்தான்.

"இது மூணும் சரியா இருக்கே நாத்தனாரே. எண்ணிக்கைதான் உதைக்குது. உள்ள ரெண்டுன்னாரு. இதுல மூணு இருக்கு."

"ம்" என்று நாத்தனார் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "மாஸ்டர் வீடு எவ்வளவு தூரம்?"

மாஸ்டர் பத்து மணி வகுப்புக்குக் கிளம்பிப் போயிருந்தார். பெட்டி கட்ட வந்த சித்தி என்ற முறையில் நர்ஸிடம் சாவி இருந்தது. மூன்று அறை வீடு. கூடத்தில் மாஸ்டரின் படம் ஆள் உயரத்துக்கு. சிறுமி பெட்டி மேல் உட்கார்ந்து அதன் கைப்பிடியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போன் வந்ததிலேர்ந்து இப்படித்தான்" என்று நர்ஸ் மெதுவாகச் சொன்னாள். "அழவே இல்ல."

நாத்தனார் நேராகப் பின்பக்க பால்கனிக்குப் போனாள். துணி காயப்போடும் கொடிகள் ஏழு. ஏழும் ஆரஞ்சு நைலான். ஏழிலும் உள்ளே மூன்று சுற்று. அண்ணி தையல் மிஷினுக்கு அடியில் தவழ்ந்தாள். மிதிபலகையில் இரண்டு. கட்டில் காலில் நாலு. சமையலறை ஜன்னல் திரையில்கூட ஒன்று.

"வீடு பூரா கட்டி வெச்சிருக்கா. அந்த மனுஷன் ஒருநாளாவது ஒரு துணியைக் காயப் போட்டிருந்தா கண்ணுல பட்டிருக்கும்."

"அதனாலதான் இங்க கட்டியிருக்கா" என்றாள் நாத்தனார்.

பால்கனி மூலையில், பழைய கதவுக்குப் பின்னால், கம்பியில் ஒரு வாளி தொங்கியது. பக்கத்துச் சுவரில் சாக்பீஸ் கோடுகள். கோடுகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன எழுத்து. 'ரெண்டு சுத்து, அரை வாளி - நிக்குது.' 'ரெண்டு சுத்து, முழு வாளி - இறங்குது.' அதற்குக் கீழே, 'புதுக் கயிறு வழுக்குது. மூணு சுத்து, முழு வாளி - நிக்குது.' கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு அழுத்தமாகப் போட்டிருந்தது.

அண்ணி அதை இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் எழுத்து கலங்கித் தெரிந்தது.

"அதை அழிச்சிடாதீங்க" என்று பின்னால் குரல் கேட்டது. சிறுமி கதவோரம் நின்றாள். "அது ரகசியம்."

"யாருக்குத் தெரியக்கூடாது?" என்றாள் நாத்தனார்.

"அப்பாவுக்கு. வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் பொறந்தநாள். அன்னிக்கு அம்மா கட்டிக் காட்டப்போறாங்க." நிறுத்தினாள். "காட்டறதா இருந்தாங்க."

"மலையில அப்பா பாக்கலியா?"

"பாக்கல. அவர் யார்கூடவோ போன் பேசறதுக்கு விளிம்போரமா ரொம்பத் தள்ளிப் போயிட்டாராம். அதுக்குள்ள அம்மாவே நாலையும் கட்டிட்டாங்க. ராத்திரி போன்ல எனக்கு மட்டும் சொன்னாங்க. நாலும் நின்னுடுச்சு செல்லம், வெள்ளிக்கிழமை வரைக்கும் மூச்சு விடாதேன்னு. நான் யார்கிட்டயும் சொல்லல. சித்திகிட்டகூட."

அண்ணிக்கு மெல்ல விளங்கியது. நாலும் நின்றிருக்கிறது. விடிவதற்குள் ஒன்றை மட்டும் யாரோ அவிழ்த்து, வளையத்தை நீளமாக விட்டு, அவளுடைய பழைய தப்பை அப்படியே கட்டியிருக்கிறான். அவள் தப்பாகத்தான் கட்டுவாள் என்று நம்பியவன். அந்தத் தப்பை இரண்டு லட்சம் பேருக்குக் காட்டிச் சிரித்தவன்.

"அவிழ்க்கறப்ப அது சரியான முடிச்சுன்னு தெரிஞ்சிருக்காதா நாத்தனாரே?"

"அரையிருட்டு, அவசரம். அதோட, அஞ்சு வருஷமா அவ கட்டினதைப் பாக்காமலே சிரிச்சவரு. அன்னிக்கு மட்டும் எதுக்கு உத்துப் பாக்கப்போறாரு."

நாத்தனார் சிறுமிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "உனக்கு அந்த முடிச்சு தெரியுமா?"

"அம்மாவும் நானும் சேர்ந்துதான் கத்துக்கிட்டோம்."

"வெள்ளிக்கிழமை நீ இங்க இருக்க மாட்ட. இன்னிக்கே அப்பாவுக்குக் காட்டிடலாமா?"

சிறுமியின் முகம் பதினோரு நாளில் முதல் தடவையாக மலர்ந்தது.

மாடிப்படியில் இறங்கும்போது அண்ணி நாத்தனாரின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் பிள்ளையை இதுல இழுக்காதீங்க. பாவம் சும்மா விடாது."

"சுவரைப் பேர்த்து எடுத்துட்டுப் போக முடியாது அண்ணி. பிள்ளையைக் கூட்டிட்டுப் போகலாம்."

"போலீஸ் வந்து சுவரைப் பாக்கட்டுமே."

"பாத்துட்டு? யார் வேணா சாக்பீஸ்ல எழுதலாம்னு சொல்லுவாங்க. மணி ஒம்பதரை. ஒரு மணிக்கு ரயில்." நாத்தனார் கையை விடுவித்துக்கொண்டாள். "நீங்க இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டு வாங்க. விபத்துன்னு கையெழுத்துப் போட்டவரே வரணும்."

அண்ணி போனாள். வழியெல்லாம் நாத்தனாரைத் திட்டிக்கொண்டே போனாள்.

மோட்டார் பட்டறைக்குப் பின்னால் நீளமான ஒரு கூடம்தான் மாஸ்டரின் பள்ளி. நீளப் பலகைகளில் முளைக்குச்சிகள் அடித்திருந்தன. இருபது பேர் கயிறும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி இன்ஸ்பெக்டரை இழுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தாள். சீருடை இல்லாமல் வந்திருந்தார். "பதினஞ்சு நிமிஷம்தான்மா" என்று கறாராகச் சொன்னார்.

மாஸ்டர் ஆரஞ்சுக் கயிற்றை உயர்த்திக் காட்டினார். நல்ல உயரம், நல்ல குரல். "எது செய்யக்கூடாதுன்னு இப்ப பாப்போம். மனைவி முடிச்சு. இதைக் கட்டினா மனைவியே இல்லாம போயிடலாம்."

சிலர் சிரித்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அண்ணி அவளுடைய முகத்தை மனதில் குறித்துக்கொண்டாள்.

நாத்தனார் நடுவரிசையிலிருந்து கையைத் தூக்கினாள். "ஒரு சந்தேகம் மாஸ்டர். புதுக் கயிறு வழுக்குதே. ரெண்டு சுத்து போதுமா?"

"இருபது வருஷமா ரெண்டுதான். மூணு போடறவன் பயந்தாங்கொள்ளி."

"நீங்க மூணு போட்டதே இல்லையா?"

"என் கைக்கு அது வராதும்மா."

நாத்தனார் எழுந்து வந்து சாக்கைக் கவிழ்த்தாள். தார்ப்பாய் பலகை மேல் சரிந்தது. மாஸ்டரின் சிரிப்பு அரைக் கணம் நின்று, திரும்ப வந்தது.

"இது எங்க கிடைச்சது? ஓ, மச்சினி அனுப்பினாளா."

"நாலும் உங்க மனைவி கட்டினதா?"

"நாலும் அவதான். போலீஸ்ல எழுதியே கொடுத்திருக்கேன்."

"அப்ப மூணு எப்படி சரியா இருக்கு? அவங்களுக்குத்தான் வரவே வராதே."

மாஸ்டர் தார்ப்பாயைப் பார்த்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். மறுபடி பேசியபோது குரல் உடைந்திருந்தது.

"சரி, சொல்லிடறேன். அவ கட்டினது எல்லாமே தப்பு. மூணை நான்தான் அவிழ்த்துத் திருத்தினேன். நாலாவதுக்குப் போறதுக்குள்ள இருட்டிடுச்சு. காலையில பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அந்தக் குத்தவுணர்ச்சியில போலீஸ்ல மாத்திச் சொல்லிட்டேன். என் சோம்பேறித்தனம்தான் அவளைக் கொன்னுடுச்சு."

யாரோ ஒரு மாணவர் எழுந்து போய் அவர் தோளைத் தட்டினார். முன்வரிசைப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கடைசி வரிசையில் இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்தார். அண்ணி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். இது பொருந்துகிறது. யார் கேட்டாலும் நம்புவார்கள். ஒரு மணிக்குப் பாப்பா ரயில் ஏறிவிடுவாள்.

நாத்தனார் மட்டும் அசையவில்லை. "ரொம்ப வருத்தமா இருக்கு மாஸ்டர். அப்ப இந்த மூணும் உங்க கையா?"

"என் கைதான்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆயிரம் தடவை கட்டியிருக்கேன். என் முடிச்சு எனக்குத் தெரியாதா?"

"சரி, எண்ணிப் பாருங்க."

மாஸ்டர் குனிந்தார். விரல் முடிச்சின் மேல் ஊர்ந்தது. ஒன்று, இரண்டு. அதற்கடுத்ததில் விரல் நின்றுவிட்டது. பக்கத்து முடிச்சுக்குப் போனது. அங்கேயும் நின்றது. இன்ஸ்பெக்டர் உட்காராமல் நின்றபடியே பார்த்தார்.

"புதுக் கயிறு" என்றார் மாஸ்டர். "வழுக்குமேன்னு அன்னிக்கு மட்டும் ஒண்ணு கூடப் போட்டேன்."

"இப்பதான் உங்க கைக்கு வராதுன்னீங்க. பயந்தாங்கொள்ளின்னீங்க. இருபது பேர் கேட்டாங்க."

"மறந்து சொல்லிட்டேன். நீ யாரும்மா என்னை விசாரிக்க? மூணு சுத்து இந்தக் கூடத்துல யாருக்குமே வராது. நான் போடாம வேற யார் போட்டிருப்பா?"

நாத்தனார் வாசலைப் பார்த்துத் தலையசைத்தாள். நர்ஸ், சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, பார்க்காமல் இருந்தால் அது இன்னும் பெரிய பாவம் என்று தோன்றித் திரும்பிப் பார்த்தாள்.

சிறுமி ரயிலுக்காகத் தலை வாரிப் புதுச் சட்டை போட்டிருந்தாள். நேராகப் பலகைக்கு வந்தாள். "அப்பா, வெள்ளிக்கிழமை நான் இருக்க மாட்டேன்ல. அதான் இன்னிக்கே. கண்ணை மூடிக்குங்க."

மாஸ்டர் கண்ணை மூடவில்லை. சிறுமி ஆரஞ்சுக் கயிற்றை முளையைச் சுற்றிக் கொண்டுவந்தாள். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணினாள்.

"உள்ள ஒண்ணு. உள்ள ரெண்டு. பயத்துக்கு ஒண்ணு. வெளிய ஒண்ணு." இறுக்கினாள். "அம்மா இப்படித்தான் எண்ணுவாங்க. வாளி வெச்சுக் கண்டுபிடிச்சாங்க. மலையில நாலையும் இப்படித்தான் கட்டினாங்க. உங்களுக்குத்தான் தெரியாது." நிமிர்ந்தாள். "இழுத்துப் பாருங்கப்பா. நிக்கும்."

மாஸ்டர் கயிற்றைத் தொடவில்லை. முகத்தில் இரத்தம் சுண்டிவிட்டிருந்தது. முன்வரிசைப் பெண் தண்ணீர் பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் நடந்து வந்தார். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு பூராவும் பின்னால் சாய்ந்து தொங்கினார். கனத்த மனுஷன். பலகை கிறீச்சிட்டது. முடிச்சு ஒரு நூல் அளவுகூட நகரவில்லை. கயிற்றை விட்டுவிட்டு, மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்தார். "வாங்க, போகலாம்" என்றார். மாஸ்டர் எழுந்தார்.

சிறுமி போலீஸையும் பார்க்கவில்லை, கயிற்றையும் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலைத் தாண்டும்வரை பார்த்தாள். பிறகு நர்ஸின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா சிரிக்கவே இல்ல சித்தி. ஒழுங்கா கட்டினா சிரிக்க மாட்டாருன்னு அம்மா சொன்னாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க."